ஐந்து கணவாய்கள்

சமவெளியில் செல்வதற்கென்றே பிறந்த ஊர்தி மிதிவண்டி. சற்று மேடு கண்டாலும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதே நம்மில் பலருக்கு வழக்கம். அவ்வாறிருக்க, ஒரே நாளில் ஐந்தாறு மலைக்கணவாய்களை மிதித்தே ஏறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடுகின்றனர் என்று கூறினால், கேட்பவர் நகைப்பர். வேலையற்றோர் செய்யும் வேலை என்று தள்ளிவிடுவாரும் உளர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. இன்று அவ்வாறு எண்ணவில்லை.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், மார்க்லிவில் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் 5,500 அடி உயரத்தில் அமைந்த அவ்வூரில் வாழ்வோர் ஏறக்குறைய இருநூறு பேரே. அதைத் தலைநகராகக் கொண்ட ஆல்பைன் மாவட்டந்தான் அம்மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம். ஆண்டு முழுவதும் அமைதியில் ஆழ்ந்து கிடக்கும் அவ்வூர், சூலைத் திங்களில் ஒரு வார இறுதியில் மட்டும் விழாக்கோலம் பூணும். வெள்ளிக்கிழமை மாலையிலேயே பைன் மரங்களின் இடையே கூடாரங்கள் எழும். ஒருவர் அடுப்பு மூட்டுவார். ஒருவர் சக்கரத்துக்குக் காற்று அடிப்பார். ஒருவர் மறுநாளை எண்ணி உறக்கம் வராமல் விண்மீன்களைப் பார்த்துக் கிடப்பார். மறுநாள் விடியுமுன், இருளிலேயே விளக்கை ஏற்றிக்கொண்டு பயணம் தொடங்கிவிடும்.

இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'டெத் ரைடு'. சாவுச் சவாரி என்பது அதன் பொருள். அப்பெயர் எனக்கு உடன்பாடு அன்று. வாழ்வை விரும்பிச் செய்யும் ஒரு செயலுக்குச் சாவின் பெயர் எதற்கு? விளையாட்டாக இட்ட பெயர் போலும்! அது நிற்க.

பல ஆண்டுகள் வழங்கி வந்த பழைய வழி 129 மைல் நீளம் உடையது. முதலில் 8,314 அடி உயரமுள்ள மானிட்டர் கணவாய். அதன் உச்சியை அடைந்தோர் மறுபுறத்தில் 3,000 அடிக்கு மேல் இறங்குவர். இறங்கிய கையோடு திரும்பி, அதே கணவாயை மறுபடியும் ஏறுவர். அடுத்தது 8,730 அடி உயரமுள்ள எபெட்ஸ் கணவாய். அங்கே சாலை மிகக் குறுகியது. கொடி போல் வளைந்து வளைந்து செல்வது. அதையும் இருபுறமும் ஏற வேண்டும். இவ்வாறு நான்கு ஏற்றங்கள் முடிந்தபின், தங்கள் கூடாரங்கள் இருக்கும் பக்கமாகவே வந்து, அவற்றைக் கடந்து, 8,574 அடி உயரமுள்ள கார்சன் கணவாய்க்குச் செல்ல வேண்டும். ஐந்தாவது ஏற்றம் அது. பிற்பகல் வெயிலும் எதிர்க்காற்றும் ஒருங்கே வந்து தாக்கும் வேளை. நிழலில் ஒரு நாற்காலி தனக்காகக் காத்திருக்கிறது என்பதை அறிந்தும், அதைத் தாண்டிச் செல்லும் மனத்தை எண்ணிப் பாருங்கள்! எந்த ஏற்றத்தினும் செங்குத்தானது அந்த இடமே என்பது என் கருத்து.

ஏறும் உயரங்களையெல்லாம் கூட்டினால் 15,000 அடி ஆகும். எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தில் பாதிக்கு மேல். மாணவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் 850 கிலோகலோரி அளவில் வரும். இவ்வளவுதானா என்று எண்ண வேண்டா. உடல் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே மிதிகட்டையைச் சென்று சேர்கிறது. எஞ்சியது வெப்பமாய்க் கழிகிறது. ஆகவே ஏற்றத்துக்கு மட்டுமே 3,400 கிலோகலோரிக்குக் குறையாமல் செலவாகும். ஒருவர் இயல்பாக ஒரு நாளில் உண்பதை விட மிகுதி இது. போதாக்குறைக்கு, அவ்வுயரங்களில் காற்றின் அழுத்தமும் கடற்கரையில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கு அளவாகக் குறைந்துவிடுகிறது. மூச்சு முட்டுவதில் வியப்பு உண்டோ?

இத்தனை பாடுபட்டவர்களுள் முதற்பரிசு பெறுபவர் யார்? ஒருவரும் இல்லை. இது பந்தயம் அன்று. முதலில் வந்தவர், இரண்டாவது வந்தவர் என்ற வரிசையே இங்கு இல்லை. ஒவ்வோர் உச்சியிலும் தொண்டர் ஒருவர் நின்று, ஏறி வந்தவரின் எண் சீட்டில் சிறு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டுவார். ஐந்தையும் பெற்றவர், இறுதிக் கணவாயில் உள்ள சுவரொட்டியில் தம் கையொப்பத்தை இடுவார். எத்தனை கணவாய் ஏறுவது என்பது அவரவர் விருப்பம். இரண்டு ஏறித் திரும்புவாரும் உண்டு. மூன்றோடு நிறுத்துவாரும் உண்டு.

என் உள்ளத்தை மாற்றியது இந்த ஏற்பாடே. பந்தயத்தில் ஓடுபவன் பிறனைப் பார்த்து ஓடுகிறான். முன்னே செல்பவன் வீழ்ந்தால் அவன் உள்ளத்தின் ஒரு மூலையில் மகிழ்ச்சி தோன்றிவிடுகிறது. இங்கோ, வழியில் ஒருவர் சக்கரம் பழுதாகி நின்றால், மற்றொருவர் இறங்கி உதவுவதால் இழப்பது ஒன்றும் இல்லை. மூன்று கணவாயோடு திரும்பியவரைத் தோற்றவர் என்று கூறவும் எவருக்கும் இடம் இல்லை. தம் மூச்சின் அளவைத் தாமே அளந்து அறிந்து, அதற்கு மதிப்பளித்தவர் அவர். நாமோ எதற்கெடுத்தாலும் வரிசை எண் கொடுத்துப் பழகிவிட்டோம். வரிசை எண் இல்லாவிட்டால் மாந்தர் முயலமாட்டார் என்றும் நம்பிவிட்டோம். அந்நம்பிக்கை தவறு என்பதற்கு இம்மலைப்பாதை சான்று.

ஆயினும் ஒரு தடை எழக்கூடும். இதே மலைகளில் ஜான் தாம்சன் என்பவர் வாழ்ந்தார். நார்வே நாட்டிலே பிறந்தவர். 1856ஆம் ஆண்டு முதல் இருபது குளிர்காலங்கள், பனி மூடிய மலையைச் சறுக்குக் கட்டைகளின் துணையால் தனியே கடந்து, 90 மைல் தொலைவுக்கு அஞ்சல் மூட்டையைச் சுமந்தார். போக மூன்று நாள். திரும்ப இரண்டு நாள். அரசினரிடம் கேட்டும் அதற்குரிய கூலியை அவர் பெற்றாரில்லை. அவர் உழைப்பால் பலர்க்குக் கடிதம் கிடைத்தது. மிதிவண்டிக்காரரின் உழைப்பால் யாருக்கு என்ன கிடைத்தது? நேர்மையான வினா இது. அச்சிற்றூருக்கு ஓரளவு வருவாய் கிடைக்கிறது என்பது தவிர வேறு விடை என்னிடம் இல்லை. தாம்சனையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் ஒருப்படேன். ஆனால், பிறர்க்குப் பயன்படாதது எல்லாம் வீண் என்றால், பாட்டும் விளையாட்டும் வீண் என்றன்றோ முடியும்?

2021ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டுச் சூலை 4ஆம் நாள் இடி விழுந்து காட்டில் பற்றிய சிறு தீ ஒன்று, பல நாள் புகைந்துகொண்டே இருந்தது. 16ஆம் நாள் வெள்ளிக்கிழமை, பயணத்திற்கு முந்திய நாள், காற்று வலுத்தது. தீ ஊரை நோக்கிப் பாய்ந்தது. ஊரார் அனைவரும் வெளியேறுமாறு ஆணை பிறந்தது. கூடாரம் அடித்தவர்கள் அவற்றைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டனர். பயணம் கைவிடப்பட்டது. அத்தீ அணைவதற்குள் 68,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பல மாதம் விடியலில் எழுந்து பயின்றவர்கள், ஒரு கணவாயும் ஏறாமலே வீடு திரும்பினர். சீட்டில் ஓர் ஒட்டுத்தாளும் இல்லை. அவர்கள் பயின்றது வீணாயிற்று என்று என்னால் கூற முடியவில்லை. வலுப்பெற்ற கால்களும் மூச்சும் அவர்களிடமே இருந்தன.

2022ஆம் ஆண்டு மீண்டும் கூடினர். வழி மாறியிருந்தது, கார்சன் கணவாய் நீங்கி, எபெட்சுக்கு அப்பாலுள்ள பசிபிக் கிரேடு என்னும் ஏற்றம் சேர்ந்திருந்தது. முன்னாளில் நிழல் தந்த மரங்களுள் பல கரிந்த தூண்களாய் நின்றன. அவற்றின் நடுவே, பொழுது புலருமுன், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின.