கல்குலேட்டரின் "=" விசையும் நம்ம மலையின் மழையும்



கல்குலேட்டரைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு நம் வீடுகளில் ஏன் ஏச்சு விழுகிறது? இன்றைய பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபு கீறிக் காட்டும் கல்குலேட்டரை நம் பிள்ளைகளில் அநேகர் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். 1985இல் கேசியோ முதலாவதைக் கொண்டுவந்தது. 1990இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டீஐ-81ஐ இறக்கியது. அதன் பின்வந்த டீஐ-83 பிளஸின் ஓரத்தில் சின்ன ஹெட்போன் துளை மாதிரி 2.5 மில்லிமீற்றர் துளை ஒன்று உண்டு. உள்ளே மூன்றே கம்பி. ஒன்று பூமி. மற்ற இரண்டில் ஒன்றைக் கீழே இழுத்தால் 0, மற்றதை இழுத்தால் 1. "கிடைத்தது" என்று சொல்ல எதிர்ப்பக்கம் மற்றக் கம்பியை இழுக்கும். அவ்வளவுதான். இதை வைத்து வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்களே கேபிள் செய்தார்கள், சென்சர் பூட்டினார்கள், ஆர்டுயினோவையும் பேச வைத்தார்கள். கம்பனியிடம் யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

"சேர், அது கொப்பியடிக்கத்தானே உதவும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2024இல் ஒருவர் டீஐ-84க்குள் சின்ன வைஃபை சில்லு வைத்து சட்ஜிபிடியைக் கல்குலேட்டர் திரையில் பதில் சொல்ல வைத்துக் காட்டினார். ஆனால் அந்தப் பயம் நமக்கு எதற்கு? நம் உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல் வினாத்தாள்களில் கல்குலேட்டரே கூடாது. மடக்கை அட்டவணையோடுதான் பிள்ளை உட்காருகிறது. பரீட்சைக்குப் போகாத சாமான் என்றால் தாராளமாகக் கழற்றலாமே!

வரைபுக் கல்குலேட்டர் வாங்க நமக்கு வசதியில்லை. தேவையுமில்லை. கடையில் கணக்குப் பார்க்கிற சாதாரண மெஷினை எடுங்கள். 1 + 1 = அழுத்திவிட்டு, = ஐ மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். 3, 4, 5 என்று ஏறும். (கேசியோவில் + ஐ இரண்டு தரம் அழுத்த வேண்டும்.) பின்மூடியைக் கழற்றி, = விசைக்குக் கீழே இருக்கும் இரண்டு தடங்களிலும் இரண்டு கம்பி ஒட்டி வெளியே எடுத்தால், அந்தக் கம்பிகள் தொடும்போதெல்லாம் மெஷின் எண்ணும். கம்பி நுனியில் காந்தம் கிட்ட வந்தால் மூடுகிற ரீட் சுவிட்சைப் பூட்டலாம். கதவு அலாரங்களில் இருக்கும் சாமான்தான் அது. சுவிட்ச் துடித்து ஒன்றை இரண்டாக எண்ணிவிடுமோ என்ற கவலையும் அநேகமாக இல்லை. விசை நடுக்கத்தை வடிகட்ட மெஷினுக்கே தெரியும்.

எதை எண்ணுவது? நம்ம ஊரில் எண்ண வேண்டியது மழை.

10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனலின் வாய்ப் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். அதன் மேல் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 7.85 மில்லிலீற்றர் தண்ணீர் சேரும். கீழே சீசோ மாதிரி இரட்டைக் கிண்ணம் வைத்து, 4 மில்லிலீற்றர் நிறைந்ததும் சாய்கிற மாதிரிச் செய்தால், ஒரு சாய்வு ஏறக்குறைய 0.51 மில்லிமீற்றர் மழை. கிண்ணத்தில் காந்தம், பக்கத்தில் சுவிட்ச். 1க்குப் பதில் 0.51ஐக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதே மழையளவு. 147 சாய்வில் 75 மில்லிமீற்றர் ஆகிவிடும்.

அந்த 75ஐச் சும்மா சொல்லவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் பொதுவான அளவுகள் இவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள் நமக்குத் தூரத்து மனிதர்களா? நம் பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய ரோட்டில் இறங்கினால் வருகிற இடம். 2025 நவம்பரில் டித்வா வந்தபோது பதுளை மாவட்டம் பட்டது இன்னும் ஆறவில்லை.

மலையில் ஒரு தோட்டத்தில் கொட்டுகிற மழை அடுத்த டிவிசனில் தூறலாக இருக்கும். பாடசாலைக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று இருந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் செய்ய முடிகிற வேலை இது. பரப்பு, கனவளவு, விகிதம், மின்சுற்று எல்லாம் ஒரே சாமானில். இதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து ரோபோ பெட்டி வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. அநேக மெஷின்கள் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், கணக்கும் போய்விடும். அணையாத பழைய மெஷின் வேண்டும். உங்கள் கடை லாச்சியில், வீட்டு அலுமாரியில் கிடந்தால் தாருங்கள். விசை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, = வேலை செய்தால் போதும்.

பிள்ளைகள் செய்கிற மெஷின் சொல்லும்வரை யாரும் காத்திருக்கவும் வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் திரையில் என்ன இலக்கம் இருந்தாலும் வெளியேறுங்கள்.