புது விண்ட்ஷீல்டு மாட்டியாச்சு... பசை காய்ஞ்சுதா? பில்லில் இல்லாத ஒரு முக்கியத் தகவல்!

முன்னால் போகும் டிப்பர் லாரியிலிருந்து தெறிக்கும் ஒரு சின்ன ஜல்லி போதும். காலையில் பொட்டு அளவில் இருந்த விரிசல், மத்தியான வெயிலில் நின்ற காரில் ஏசியைப் போட்டதும் ஓரம் வரை ஓடிவிடும். அப்புறம் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாட்டும் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். "ரெடி சார், எடுத்துட்டுப் போலாம்" என்று சாவி கைக்கு வரும். ஆபீஸுக்கு லேட் ஆகிறதே என்ற அவசரத்தில் நாமும் கிளம்பிவிடுவோம். சிக்கலே இங்குதான். கண்ணாடி மாட்டி முடிந்த நேரம் வேறு; அந்தக் காரைப் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய நேரம் வேறு. இந்த இரண்டாவது நேரத்தை பில்லிலேயே எழுதித் தருவதைக் கடைகள் வழக்கமாக்க வேண்டும். நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றைத் தடுக்க மட்டும் இல்லை

காரின் முன்பக்கக் கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவது. உடைந்தாலும் பொலபொலவென்று கொட்டாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் படலத்தால்தான். விபத்தில் உள்ளே இருப்பவர் வெளியே தூக்கி வீசப்படாமல் தடுக்கவும், கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கவும் இந்தக் கண்ணாடி உதவுகிறது.

அடுத்தது ஏர்பேக். 2021 ஏப்ரல் 1 முதல் அறிமுகமாகும் புதிய மாடல் கார்களில் முன்சீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். பல கார்களில் இது டேஷ்போர்டிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பி, கண்ணாடியில் முட்டி, அதையே பிடிமானமாகக் கொண்டு பயணியின் பக்கம் விரியும். பசை இறுகாத கண்ணாடி அந்த வேகத்தில் பெயர்ந்து வெளியே போனால், ஏர்பேக்குக்குப் பிடிமானம் இருக்காது. பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ நண்பருக்கோ கிடைக்க வேண்டிய பாதுகாப்பு, அந்த நொடியில் கிடைக்காது.

தொட்டுப் பார்த்தால் தெரியாது

இன்றைய கார்களில் கண்ணாடியை ஒட்டுவது யூரித்தேன் பசை. பெரும்பாலான வகைகள் காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி, மெதுவாக. மேல்பகுதியைத் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருக்கலாம்.

சில பசைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். சிலவற்றுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். வெப்பநிலை, ஈரப்பதத்தைப் பொறுத்தும் இது மாறும். பசை தயாரிப்பாளரின் தகவல் தாளில் இந்த நேரம் இருக்கும். கடைக்காரர் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதே இல்லை; படித்துச் சொன்னால் போதும்.

"மழை வந்தா பசை ஊறிடுமே" என்ற பயமும் தேவையில்லை. சரியாக ஒட்டிய கண்ணாடியைச் சாதாரண மழை ஒன்றும் செய்யாது. அழுத்தமும் அதிர்வும்தான் ஆகாது.

முதல் 48 மணி நேரம்

● ஓரத்தில் ஒட்டிய டேப்பை ஒரு நாளாவது பிரிக்காதீர்கள். பார்க்க நன்றாக இல்லைதான், ஆனால் கண்ணாடி நகராமல் பிடிப்பது அதுதான்.

● கதவை அறைந்து சாத்தாதீர்கள். எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தால் உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். பக்கத்துக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

● வாட்டர் சர்வீஸ் வேண்டாம். ஓரங்களில் பிரஷர் தண்ணீர் படக் கூடாது.

● ஸ்பீடு பிரேக்கர், குண்டும் குழியுமான ரோடு என்றால் மெதுவாகப் போங்கள். ஹைவே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

● போன் ஹோல்டர் போன்றவற்றைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டாதீர்கள்.

அதன் பிறகு

இரண்டு நாள் கழித்து, ஓரங்களில் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். வேகமாகப் போகும்போது விசில் மாதிரி காற்றுச் சத்தம் வந்தால், உடனே கடைக்குத் திரும்புங்கள். வைப்பர் ரப்பர் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதில் சிக்கிய மண் புதுக் கண்ணாடியில் கோடு போட்டுவிடும்.

ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் டேக் கெட்டுவிடும். அதைக் கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டும் டேகுகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் நடவடிக்கையை தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்திருக்கிறது.

உங்கள் காரில் அடாஸ் வசதி உண்டா? ரியர்வியூ மிரருக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியதும் அதை மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும். கேமராவின் கோணம் துளி மாறினாலும் தானியங்கி பிரேக் தவறாகக் கணிக்கலாம்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல"

கடைக்காரர்கள் சொல்லும் பதில் இதுதான். உண்மையும்கூட. பசை சரியாக இறுகாத கண்ணாடியும் சாதாரண ரோட்டில் விழுந்துவிடாது. வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. விபத்து நடக்கும் நாளில்தான் அதற்குப் பரீட்சை. பல பேருக்கு அந்த நாள் வருவதே இல்லை என்பதை, வேலை சரியாக நடந்ததற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழியை முழுக்கக் கடை மேல் போடுவதும் நியாயமில்லை. "அரை மணி நேரத்தில் கொடுங்க" என்று நிற்பது நாம்தான். நாம் அவசரப்படுத்தினால், அவர்களும் சாவியைக் கொடுத்து அனுப்பத்தான் செய்வார்கள். ஒரு நாள் ஆட்டோவிலோ மெட்ரோவிலோ ஆபீஸ் போவது பெரிய செலவில்லை.

பசையின் பெயர், ஒட்டிய நேரம், எப்போதிலிருந்து ஓட்டலாம். இந்த மூன்றையும் பில்லில் எழுத ஒரு நிமிடம் ஆகாது. அடுத்த முறை சாவியை வாங்குவதற்கு முன், "அண்ணா, எத்தனை மணிக்கு மேல வண்டிய ஓட்டலாம்? பில்லுலயே எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் கண்ணாடி மாற்ற வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.