குளிர் சொல்லாமல் வருவதில்லை

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை, விடியப்புறம் ஐந்தரை மணி. குசினிக்குள்ளிருந்து களக் களக் என்று ஒரு சத்தம். யாரோ நின்று வாய் கொப்பளிப்பது போல இருந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருக்கும் பொய்லரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. றேடியேற்றரில் கையை வைத்தேன், குளிர்ந்த இரும்பு. வெளியே சைபருக்குக் கீழே ஆறு பாகை என்று ஃபோன் காட்டியது. "பிள்ளை, கம்பளிக்குள்ளயும் கால் விறைக்குது" என்று அம்மா அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தா. அவவுக்கு 78 வயது.

லண்டன் ஹரோவில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஏழு மணி வரைக்கும் பொறுத்திருந்து வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். அவரும் எங்கட ஆள்தான். "தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கிழமை ஒருத்தரையும் பிடிக்கேலாது. எல்லா வீட்டிலயும் பொய்லர் நிண்டுபோச்சாம்" என்றார். நானே தேடி அவசரத் திருத்த வேலைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். வாசலுக்கு வந்து பார்ப்பதற்கு மட்டும் 150 பவுண், திருத்த வேலைக்குத் தனிக் காசு, அதுவும் இரண்டு நாள் செல்லும் என்றார். வாடகையும் கட்டி, திருத்தக் காசும் கட்ட எங்களிடம் வசதியில்லை. பொறுத்தோம்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் மத்தியானம் வரை. வீட்டில் இருக்கிற நாலு பேரும் ஒரே அறைக்குள் ஒரு மின்சார ஹீற்றரோடு கிடந்தோம். இங்கே காஸை விட மின்சாரம் யூனிற்றுக்கு ஏறத்தாழ நாலு மடங்கு விலை. ஹீற்றரை நிற்பாட்டிப் போட்டு அரை மணித்தியாலம் இருப்போம். அம்மாவின் விரல் நுனிகள் வெளிறத் தொடங்கியதும் திரும்பப் போடுவோம். எங்கள் பொய்லரில் தண்ணித் தாங்கி கிடையாது. குழாயைத் திறக்கும்போதுதான் தண்ணியைச் சூடாக்கும். அது நின்றால் வீடு சூடாகாதது மட்டுமல்ல, முகம் கழுவச் சுடுதண்ணியும் இல்லை. கேத்திலில் கொதிக்க வைத்து, வாளியில் கலந்து, துவாயை நனைத்து அம்மாவைத் துடைத்துவிட்டேன். துடைத்த இடம் காய்வதற்குள் அவவுக்குப் பல் கிட்டிப்போயிற்று. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்தபோதும் முணுமுணுக்காத மனுசி, ஞாயிற்றுக்கிழமை இரவு சுடுதண்ணிப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னை ஊருக்கு அனுப்பிவிடு" என்று அழுதா.

திங்கட்கிழமை எஞ்சினியர் வந்தார். வயதானவர், நிதானமான மனிதர். பொய்லரின் மூடியை அவர் கழற்றவேயில்லை. சத்தத்தைக் கேட்டார், திரையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார், நேரே பின்வளவுக்குப் போனார். குசினிச் சுவரில் ஒரு துளை. அதிலிருந்து என் பெருவிரல் மொத்தத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் பைப் வெளியே வந்து, இரண்டு இடத்தில் மடங்கி, சுவரோடு நாலு மீற்றர் ஓடி, மூலையில் இருக்கும் கானுக்குள் இறங்குகிறது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பைப்பைப் பார்க்கிறேன். அது எதற்கென்று ஒருவரும் சொன்னதில்லை. அதன் வாயில் விரல் நீளத்துக்கு ஐஸ் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கேத்தில் இளஞ்சூட்டுத் தண்ணி கேட்டார். பைப்பின் வெளிப்பக்கத்தில், மடங்கும் இடங்களில், மெதுவாக ஊற்றினார். மூன்றாவது கேத்திலில் உள்ளே ஏதோ வழுகி விழுந்த சத்தம் கேட்டது. தண்ணி கானுக்குள் ஓடியது. உள்ளே வந்து ஒரு பொத்தானை அமத்தினார். பொய்லர் பற்றியது. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. பொய்லரில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு இருந்தது, கேத்தில் இருந்தது, தண்ணி இருந்தது. இந்த ஒரு விசயத்தை யாராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே அம்மாவின் அறை சூடாகியிருக்கும்.

நடந்தது இதுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் 1 முதல் புதிதாகப் பூட்டுகிற காஸ் பொய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, கொண்டென்சிங் எனப்படும் ஒடுக்கப் பொய்லர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய பொய்லர் சூட்டுப் புகையை அப்படியே வெளியே விட்டுவிடும். புதியது அந்தப் புகையில் இருக்கிற நீராவியைக் குளிரவைத்து, அதிலிருந்தும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காஸ் மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் குளிர்ந்த நீராவி தண்ணியாக மாறுகிறது. கடும் குளிரில் நாள் முழுக்க ஓடும் பொய்லரிலிருந்து அது லீற்றர் கணக்கில் வரும். அந்தத் தண்ணி வெளியேறத்தான் அந்தப் பிளாஸ்ரிக் பைப். தண்ணி சன்னமாக வடிகிறது; பைப்பும் ஒடுங்கல்; வெளியே சைபருக்குக் கீழே குளிர். உறைந்து அடைக்காமல் என்ன செய்யும்? அடைத்தால் தண்ணி திரும்பிப் பொய்லருக்குள் ஏறும். ஆபத்து வராமல் பொய்லர் தன்னைத்தானே நிற்பாட்டிக்கொள்ளும். ஆக, குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பைப் அடைக்கும் சாத்தியம் கூடுகிறது. சூடு மிக அவசியமான அன்றைக்குத்தான் சூடு நிற்கிறது.

இது புதினமான கதையா என்றால், இல்லை. 1910 இலிருந்து தொடரும் பிரித்தானியப் பதிவுகளில் 2010 டிசம்பர்தான் மிகக் குளிரான டிசம்பர். அந்த மாதம் இப்படி உறைந்துபோன பைப்புகளால் ஆயிரக்கணக்கான வீடுகள் குளிரில் கிடந்தன. 2018 பெப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து பனிப்புயல் வந்தபோதும் இதே கதை, 2022 டிசம்பரிலும் இதே கதை. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியாத விசயமில்லை. முடிந்தால் பைப்பை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் குசினிக் கழிவுக் குழாயில் சேர்க்க வேண்டும். வெளியால்தான் போக வேண்டுமென்றால் உள்விட்டம் குறைந்தது 30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஓட்டம் நீளம் குறைவாக, மடிப்புக் குறைவாக, தண்ணி தேங்காமல் நல்ல சரிவோடு இருக்க வேண்டும். மேலே மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற கவசம் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டுப் பைப்பில் இதில் ஒன்றுகூட இல்லை. பூட்டியவர் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடித்திருப்பார், கொஞ்சம் காசும் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சத்தை ஒவ்வொரு மாரியிலும் குளிரில் விறைத்துக் கட்டுவது உள்ளே குடியிருக்கிறவர்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வருசா வருசம் சேர்ட்டிபிக்கற் எடுக்கிறன், தங்கச்சி. இன்னும் என்ன செய்யச் சொல்லுறியள்?" என்றார். பொய் சொல்லவில்லை, எடுக்கிறார்தான். 1998 ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளின்படி வாடகை வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், 28 நாளுக்குள் அந்தச் சேர்ட்டிபிக்கற்றின் பிரதியைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கடதாசி காஸ் கசியவில்லை, புகை சரியாக வெளியேறுகிறது என்பது போன்ற விசயங்களுக்குத்தான் உத்தரவாதம். உயிருக்கு அது அவசியம். பொய்லர் மாரியைத் தாண்டுமா என்பதற்கு அது உத்தரவாதமில்லை. சேர்விஸ் வேறு, அந்தக் கடதாசி வேறு. பரிசோதனைக்கு வருகிறவர் பொய்லரைத் திறந்து துப்புரவாக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. பின்வளவுப் பைப்பைப் பார்க்க வேண்டுமென்றும் இல்லை. றேடியேற்றருக்குள் வண்டல் கட்டியிருக்கிறதா என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. 1985 ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், குடியிருப்பாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டையும் சுடுதண்ணி ஏற்பாட்டையும் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பென்று சொல்கிறது. நின்ற பிறகு ஆள் தேடுவதை ஒழுங்காக வைத்திருப்பது என்று எப்படிச் சொல்வது?

குடியிருப்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கலாம். கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற பயம். வாடகை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். வீட்டுக்காரர் எங்கட ஆளாக இருந்தால் முகத்துக்கு அஞ்சுகிற கூச்சம் வேறு. நாளைக்குக் கோயிலில் எதிர்ப்பட வேண்டுமே. கடும் குளிர் ஒரு வீட்டு ஆபத்து என்று உள்ளூராட்சிச் சபைகளே கணக்கில் எடுக்கும் நாடு இது. சபையின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு முறையிடலாம். அறைக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் அறையில் ஞாயிறு காலை 9 பாகை. இருந்தும் நான் சபைக்கு ஃபோன் எடுக்கவில்லை. பயந்துதான் இருந்தேன்.

எங்கட சனத்திடமும் சொல்ல எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. மலிவாகச் செய்வார் என்று 'தெரிஞ்ச பொடியன்' ஒருவரைக் கூப்பிட்டுப் பொய்லரைத் திறக்க விடுகிறோம். காஸ் வேலையைக் கூலிக்குச் செய்கிறவர் காஸ் சேஃப் றெஜிஸ்ரரில் பதிந்திருக்க வேண்டும். அந்த அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதியிருக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். இன்னொன்று, டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணம் போகிறபோது ஊர்ப் பழக்கத்தில் மெயினை நிற்பாட்டிவிட்டுப் போகிறோம். கரன்ற் இல்லாவிட்டால் உறையாமல் காக்கும் ஏற்பாடு பொய்லரில் இருந்தும் வேலை செய்யாது. திரும்பி வரும்போது குழாய் வெடித்துச் சீலிங் தரையில் கிடக்கும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது பல ஆயிரம் பவுணில் போய் முடிகிறது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலையில்லை. செப்டெம்பரில், குளிர் வருமுன், ஒரு மணித்தியாலம் ஹீற்றிங்கைப் போட்டுப் பாருங்கள். பொய்லர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். றேடியேற்றரின் மேல்பக்கம் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. சாவியால் திறந்து வெளியே விடலாம். அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் வண்டல். அதற்கு ஆள் கூப்பிட வேண்டும். வெளியே போகும் பிளாஸ்ரிக் பைப் எங்கே என்று இன்றைக்கே தேடிக் கண்டுபிடியுங்கள். உறைந்தால் இளஞ்சூட்டுத் தண்ணி, அல்லது சுடுதண்ணிப் போத்தலை வைத்துக் கட்டுங்கள். கொதிதண்ணி ஊற்றாதீர்கள், பைப் வெடிக்கும். நிலத்தில் சிந்திய தண்ணியும் உறையும். வழுக்கி விழாமல் பாருங்கள். மூடிக்கு உள்ளே இருக்கிற எதிலும் கை வைக்காதீர்கள்.

இதை எழுதும்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. பின்வளவில் வெயில் எறிக்கிறது. அதே பைப் அதே மொத்தத்தில் அதே இடத்தில் இருக்கிறது. மார்ச்சில் இரண்டு தடவை கேட்டேன். "இனிச் சம்மர்தானே, தங்கச்சி" என்று பதில் வந்தது. கடையில் கவசம் வாங்கி நானே சுற்றிவிட்டேன். ஒடுங்கல் பைப்புக்கு அது அரைவாசி மருந்துதான் என்று எனக்குத் தெரியும்.

வீடு வாடகைக்கு விட்டிருக்கிற அண்ணைமாரிடம், அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். சம்மர்தான் இதற்குரிய காலம். எஞ்சினியர்களுக்கு வேலை குறைவு, கேட்ட நாளில் வருவார்கள். அந்தப் பைப்பை இந்தக் கோடையிலேயே மாற்றிவிடுங்கள். உள்ளே குடியிருப்பது யாரோ ஒருவரின் அம்மா.