என்.சி.சி.: பலன் இருக்கு... இடம் இருக்கா?

கல்வி ஆண்டு தொடங்கியதும் பல கல்லூரி மைதானங்களில் என்.சி.சி. தேர்வு நடக்கும். முதலாண்டு மாணவர்கள் வரிசையில் நின்று ஓடிக் காட்டுவார்கள். சீருடை கிடைப்பது அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான். இந்தப் பயிற்சியால் பலன் உண்டு என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

சேர்ந்தால் ராணுவத்துக்குப் போகணுமா?

தேவையில்லை. குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி, 1948-ல் தனிச் சட்டம் மூலம் உருவானது தேசிய மாணவர் படை. இதில் சேரும் மாணவருக்கு ராணுவப் பணி செய்யும் கடமை எதுவும் கிடையாது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-ல் கல்லூரிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. 1968-ல் மீண்டும் விருப்பப் பயிற்சியாக மாறியது. இன்றும் அப்படித்தான்.

என்னென்ன பலன்?

பள்ளியில் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு ‘ஏ’ சான்றிதழ். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ‘பி’, மூன்றாம் ஆண்டில் ‘சி’. அணிவகுப்பில் 75% வருகை, முகாம், தேர்வு எல்லாம் முடித்தால்தான் கிடைக்கும்.

* ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50% மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிப் பணிக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு ராணுவப் பயிற்சி அகாடமியில் பயிற்சி.
* மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில் ‘சி’ சான்றிதழுக்கு 5%, ‘பி’க்கு 3%, ‘ஏ’வுக்கு 2% கூடுதல் மதிப்பெண்.
* அக்னிவீர் தேர்விலும் போனஸ் மதிப்பெண் உண்டு.
* என்.சி.சி.யை கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாக வழங்க 2021-ல் யு.ஜி.சி. வழிவகுத்தது.

ராணுவமே வேண்டாம் என்பவருக்கும் இதில் நிறைய இருக்கிறது. பத்து நாள் முகாமில் வேறு ஊர் மாணவர்களுடன் தங்கணும், ரைஃபிள் சுடக் கத்துக்கணும், ஒரு அணியையே கட்டளையிட்டு நடத்தணும். நாலு பேர் முன்னால் பேசவே தயங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, இதே பயிற்சியைத் தனியார் பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்குவது கஷ்டம். இங்கே அரசு ஒதுக்கீட்டில் சீருடை முதல் முகாம் சாப்பாடு வரை அரசு செலவு.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் இல்லை?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. புதிய பிரிவு தொடங்க, பயிற்சி பெற்ற ஆசிரியர், ராணுவப் பயிற்றுநர், மத்திய, மாநில அரசுகளின் நிதி மூன்றும் சேரணும். அதனால் பல பள்ளிகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கின்றன. செலவை நிறுவனமே ஏற்கும் சுயநிதித் திட்டமும் இருக்கிறது. ஆனால், அது வசதியுள்ள நிறுவனங்களுக்கே எட்டும்.

போலி முகாம் சொன்னது என்ன?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்தது. மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழ, பள்ளி நிர்வாகத்தினர் உட்படப் பலர் கைதானார்கள். அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை. முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. தட்டுப்பாடு உள்ள இடத்தில் போலி நுழைவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் வேண்டாம்.

பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

* பள்ளி எந்த பட்டாலியனின் கீழ் வருகிறது?
* என்.சி.சி. பொறுப்பில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் இருக்கிறாரா?
* பிள்ளைக்குப் பதிவு எண் வந்திருக்கிறதா?
* முகாமை நடத்துவது பட்டாலியன்தானா?

பதில் தெளிவாக வராவிட்டால், பட்டாலியன் அலுவலகத்தையே நேரில் கேட்கலாம்.

அடுத்து என்ன?

கூடுதலாக 3 லட்சம் இடங்களுக்கு 2024-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தந்தது. இதன்மூலம் மொத்த எண்ணிக்கை 20 லட்சமாக உயரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. முன்னாள் ராணுவ வீரர்களைப் பயிற்றுநர்களாக்கும் திட்டமும் அதில் இருக்கிறது. அந்த இடங்கள் ஏற்கெனவே என்.சி.சி. உள்ள நகரத்துக் கல்லூரிகளுக்கே போனால் நிலைமை மாறாது. இதுவரை பிரிவே இல்லாத அரசுப் பள்ளிகளுக்கு எத்தனை போகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.