மீண்டும் உப்புநீர்த் தொட்டி

பரணில் கிடந்த கண்ணாடித் தொட்டியை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இறக்கித் துடைப்பவர் முதலில் பார்ப்பது வசதிகளை. அறையையே சூடாக்கிய மெட்டல் ஹாலைடு விளக்குகளின் இடத்தில் எல்.இ.டி. வந்துவிட்டது. மின் கட்டணமும் குறைவு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. எனவே கடலில் வலை வீச வேண்டிய தேவை இல்லை.

மாறாதது காத்திருப்பு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக இன்றும் சில வாரங்கள் ஆகின்றன. முதல் நாளே மீனை விடுபவர் விஷத்தில் விடுகிறார்.

பெரிய மாற்றம் சட்டத்தில். திட்டுகளை உருவாக்கும் பவள உயிரிகள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் பட்டியல் அது. நம் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து எடுப்பதும் விற்பதும் குற்றம். காரணம் உண்டு. 1998இல் கடல் சூடேறியபோது லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் பவளங்கள் வெளுத்தன. பல மடிந்தன. லட்சத்தீவில் 2010, 2016, 2024இலும் வெளுத்தன.

கடைக்காரர் ரகசியமாக ஒரு துண்டு நீட்டலாம். பழைய ஆசையும் கிளறும். ஆனால் செயற்கைப் பாறையும், பண்ணையில் பிறந்த ஒரு ஜோடிக் கோமாளி மீனும் போதும். எதிரி இல்லாத தொட்டியில் கடல் சாமந்தி இல்லாமலும் அவை வாழும். பவளம் இல்லாமல் கடல்தான் வாழாது.