நாற்பது வருஷம் தாமதமாக ஒரு பதில்

பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இவளுக்கு வந்தது எரிமலை. பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி, அட்டைமேல் மலை மாதிரி அப்பி, உச்சியில் ஒரு மருந்து பாட்டிலைப் புதைத்தோம். உள்ளே ஆப்ப சோடா, கேசரி பவுடர். மேலே வினிகரை ஊற்றியதும் சிவப்பாகப் பொங்கி வழிந்தது. அவள் கை தட்டினாள், நானும் தட்டினேன். அப்புறம் அவள் கேட்டாள்: “ஆச்சி, இது இவ்ளோ மெதுவாத்தானே வருது? ஜனங்க எந்திரிச்சு ஓடிப் போயிடலாம்ல?”

அவள் சொன்னது சரிதான். எரிமலைக் குழம்பு பெரும்பாலான இடங்களில் மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டுவதில்லை. வீட்டையும் தோட்டத்தையும் விழுங்கும், ஆனால் ஆளுக்கு விலகிப்போக அவகாசம் இருக்கும். அப்படியானால் இத்தனை ஆயிரம் பேர் எதனால் செத்தார்கள்? முப்பத்து மூன்று வருஷம் புவியியல் எடுத்த நான் இதை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. கேடய எரிமலை, கூம்பு எரிமலை, செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, பசிபிக் நெருப்பு வளையம்... படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். உங்களில் பல பேர் சிவப்பு ஸ்கெட்ச் வாங்கிக் கலர் அடித்ததற்கே நான் ‘குட்’ போட்டிருக்கிறேன்.

அதில் ஒரு நாள் மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1985 நவம்பர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன் பேப்பரை நாலாக மடித்துக் கொண்டுவந்து நீட்டினான். “டீச்சர், கொலம்பியாவுல எரிமலை வெடிச்சு ஜனங்க சேத்துல முங்கிச் செத்துட்டாங்கன்னு போட்டிருக்கு. எரிமலையில எப்படி டீச்சர் சேறு வரும்?” எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. “அது பாடத்துல இல்ல, உக்காரு” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டது ஆர்மேரோ என்ற ஊரைப் பற்றி. நெல்லும் பருத்தியும் விளைகிற, சுமார் 29,000 பேர் வாழ்ந்த ஊர். நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை அங்கிருந்து வெகு தூரத்தில். ஆற்று வழியே கணக்குப் பார்த்தால் 70 கிலோமீட்டருக்கு மேல். அந்த மலை 5,000 மீட்டருக்கும் அதிக உயரம் என்பதால், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் உச்சியில் எப்போதும் பனி மூடியிருக்கும். நவம்பர் 13-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குமேல் அது வெடித்தது. எரிமலைக் கணக்கில் அப்படியொன்றும் பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் கொதிக்கும் சாம்பலும் கல்லும் பனிமேல் பாய்ந்ததும் பனி உருகி, அந்தத் தண்ணீர் சாம்பலையும் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்துப் பெருத்துக்கொண்டே போயிற்று. தண்ணீர் என்றுகூடச் சொல்ல முடியாது. கான்கிரீட் கலவை மாதிரி கெட்டி. இந்தோனேசியாக்காரர்கள் இதை ‘லகார்’ என்பார்கள், அந்தச் சொல்லையே உலகம் எடுத்துக்கொண்டது. இரவு பதினொன்றரை வாக்கில் ஊருக்குள் நுழைந்தது. ஆர்மேரோவில் மட்டும் 20,000 பேருக்குமேல், மொத்தத்தில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். எரிமலைக் குழம்பு ஒரு சொட்டுகூட அந்த ஊருக்கு வரவில்லை. தம்பி, எரிமலையில் சேறு வருவது இப்படித்தான்.

இரவு ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. மேட்டு நிலம் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் ஊரே மேட்டுக்கு ஏறியிருக்கலாம். அதைவிடக் கொடுமை, இது தெரியாத ஆபத்தும் இல்லை. 1595-லும் 1845-லும் அதே மலையிலிருந்து இதே மாதிரி சேறு வந்திருக்கிறது. 1845-இல் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள். அந்தச் சேறு காய்ந்து கெட்டிப்பட்ட நிலத்தின்மேல்தான் ஆர்மேரோ ஊரைக் கட்டியிருந்தார்கள். 1985 அக்டோபரிலேயே விஞ்ஞானிகள் அபாய வரைபடம் வெளியிட்டார்கள். ஆர்மேரோ அதில் ஆபத்துப் பகுதிக்குள் தெளிவாக இருந்தது. தலைநகர் பத்திரிகையிலும் வந்தது. வீண் பீதி என்று சொன்னவர்களும் உண்டு, வியாபாரம் கெடும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. வெடித்த அன்றைக்கு மத்தியானமே ஊரில் சாம்பல் விழுந்தது. அமைதியாக இருங்கள் என்று உள்ளூர் வானொலி சொன்னது. ஜனங்கள் நம்பித் தூங்கப் போனார்கள்.

ஒமைரா சான்செஸ் என்ற சிறுமியின் படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இடிபாட்டில் கால் சிக்கி, கழுத்தளவு தண்ணீரில் மூன்று நாள் உயிரோடு இருந்து இறந்துபோன பெண். வயது 13. என்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது.

வரைபடம் போட்ட விஞ்ஞானிகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு வாத்தியாராக எனக்கு ஒன்று தோன்றுகிறது. ‘லகார் அபாயம்’ என்று ஒரு தாளில் கலர் அடித்துக் கொடுத்தால், ஆற்றங்கரையில் கடை வைத்திருப்பவருக்கு என்ன புரியும்? அவர் மனதிலும் என் பேத்தி மனதில் இருந்த அதே சிவப்புக் குழம்புதானே இருந்திருக்கும்? அதுவும் அத்தனை கிலோமீட்டர் தாண்டியா வரப்போகிறது?

இதே எண்ணம் மோரீஸ் கிராஃப்ட், காட்யா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதிக்கும் வந்தது. எரிமலை எங்கே வெடித்தாலும் கேமராவோடு ஓடியவர்கள் அவர்கள். ஆர்மேரோவுக்குப் பிறகு மோரீஸ் ஒரு வீடியோ தயாரித்தார். வசனத்தால் பயமுறுத்தாமல், சாம்பல் மேகம் எப்படி இறங்கும், சேறு எப்படி வரும், வந்தால் ஊர் என்னவாகும் என்று கண்ணால் காட்டுகிற படம். அது இறுதி வடிவம் பெறும் முன்பே தேவைப்பட்டுவிட்டது. பிலிப்பைன்ஸில் சுமார் 500 வருஷம் தூங்கிக் கிடந்த பினடூபோ மலை 1991 ஏப்ரலில் புகைய ஆரம்பித்தது. அந்த நாட்டு விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்த வீடியோவை அதிகாரிகள் முதல் சாதாரண ஜனங்கள் வரை போட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஜூன் 15-ஆம் தேதி மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு அது. குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். படம் எடுத்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. ஜூன் 3-ஆம் தேதியே ஜப்பானின் உன்சென் மலையில் சாம்பல் மேகம் இருவரையும் கொண்டுபோய்விட்டது. அன்று அங்கே இறந்தவர்கள் 43 பேர்.

பினடூபோவிலும் எல்லாரும் தப்பிவிடவில்லை. வெடித்த அன்றே புயல் மழையும் சேர்ந்துகொண்டது. எரிமலைச் சாம்பலை நம் அடுப்புச் சாம்பல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அது பொடியான பாறையும் கண்ணாடித் துகளும். நனைந்தால் ஈர மணல் மாதிரி கனக்கும். கூரைகள் தாங்காமல் இடிந்துதான் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். மலையடிவாரத்து ஆயெட்டா பழங்குடிப் பிள்ளைகள் பலர் முகாமில் பரவிய தட்டம்மையில் போனார்கள்.

மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1902-இல் மார்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரத்தை பெலே மலையின் கொதிக்கும் சாம்பல் மேகம் சில நிமிடங்களில் அழித்தது, சுமார் 28,000 பேர். 1883-இல் கிரகடோவா வெடித்தபோது இறந்த 36,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது கடல் அலை. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கியில் விஷ வாயு புல்லில் படிந்து, மேய்ந்த ஆடுமாடுகள் செத்து, பஞ்சம் வந்து ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. 1986-இல் கேமரூனின் நியோஸ் ஏரிக்கடியிலிருந்து கரியமில வாயு ராத்திரியில் கிளம்பி, காற்றைவிடக் கனமானதால் பள்ளமான ஊர்களில் இறங்கி, 1,700 பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே நம் ஊரில், அதே விவகாரம்.

வருவாய்த் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். “டீச்சர், ஊரைக் காலி பண்ணச் சொல்லி ஒண்ணும் நடக்கலைன்னா மெமோ எங்களுக்குத்தான்.” நியாயம்தான். 1976-இல் குவாடலூப் தீவில் 70,000 பேருக்குமேல் மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள், பெரிய வெடிப்பு நடக்கவே இல்லை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய சண்டை. ஆனால் ஆர்மேரோ ஜனங்கள் மாதக்கணக்கில் வெளியே இருந்திருக்க வேண்டியதில்லை. சாம்பல் விழுந்த அந்த ஒரு ராத்திரி மேட்டில் உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கு மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

“நமக்கு எதுக்கு இது, நம்ம பக்கம் எரிமலையே இல்லையே” என்று என் தம்பி போனில் சொன்னான். நம் நாட்டின் ஒரே செயல்படும் எரிமலை அந்தமானில் ஆளில்லாத பாரன் தீவில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் நம் பிள்ளைகள் இன்றைக்கு மணிலாவிலும் ஜகார்த்தாவிலும் ஜப்பானிலும் வேலை பார்க்கிறார்கள். 2018 டிசம்பரில் கிரகடோவாவின் ‘பிள்ளை’ மலை ஒரு பக்கம் சரிந்து, நிலநடுக்கமே இல்லாமல் சுனாமி வந்து 400 பேருக்குமேல் செத்தபோது, ஜாவா கடற்கரையில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். “எரிமலையின் வகைகளை விளக்குக” என்று இனிமேல் கேட்காதீர்கள். “உன் ஊர் ஆற்றங்கரையில். ஆறு பனிமூடிய எரிமலையிலிருந்து வருகிறது. மத்தியானம் சாம்பல் விழுகிறது. என்ன செய்வாய், ஏன்?” என்று கேளுங்கள். பதில் தப்பானாலும் யோசித்ததற்கு மூன்று மதிப்பெண் போடுங்கள்.

பேத்தியின் மலையைப் பிரித்துத் திரும்பச் செய்தோம். உச்சியில் நொறுக்கிய ஐஸ், பக்கவாட்டில் ஒரு வாய்க்கால், கீழே தீப்பெட்டி வீடுகள். வெந்நீர் ஊற்றினால் மண் கரைந்து வீடுகளை அடித்துக்கொண்டு போகிறது. “நெருப்பு எங்க?” என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்களாம். பரிசு கிடைக்கவில்லை.

அந்தப் பையன் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. 1985-86 ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு, ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச், தினமும் பேப்பர் கொண்டுவருவான். யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள்.