தராசு யார் கையில்?

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண் ஒருத்தி, ஆயிரம் பீடியைக் கட்டி எடுத்துக்கொண்டு முன்ஷியிடம் போகிறாள். அவர் கையால் அளைந்து பார்த்து ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறார். ‘இவை சரியில்லை’ என்கிறார். ஒதுக்கியவற்றுக்குக் கூலி கிடையாது. ஆனால் அந்தப் பீடிகள் அவளிடம் திரும்பி வருவதும் இல்லை. அவையும் கடைக்குப் போகின்றன, அவையும் புகைக்கப்படுகின்றன. பீடித் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாக எதிர்த்துப் போராடிவரும் இந்தத் திருட்டு இப்போது கைபேசித் திரைக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது. அங்கே அதற்கு நாகரிகமான பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன: ‘செல்லாத லீட்’, ‘இரட்டைப் பதிவு’, ‘தரம் குறைந்த டிராஃபிக்’.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் எனப்படும் இந்தத் தொழிலில், காப்பீட்டையோ கடன் அட்டையையோ பயிற்சி வகுப்பையோ விற்கும் நிறுவனம் விளம்பரத்துக்கென்று முன்பணம் எதுவும் தருவதில்லை. வலைத்தளமோ யூடியூப் சேனலோ வாட்ஸ்அப் குழுவோ வைத்திருப்பவருக்கு, அடையாள எண் பொதிந்த ஓர் இணைப்பை மட்டும் தருகிறது. அதை அழுத்தி வருபவர் படிவத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்தால் அது ஒரு லீட். லீட் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்பது பேச்சு. கட்டுரை எழுதும் உழைப்பு, காணொளி எடுக்கும் செலவு, இணையக் கட்டணம், கையிலிருந்து பணம் போட்டு கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் செய்யும் விளம்பரம் எல்லாம் அஃபிலியேட்டின் பொறுப்பு. பாட்னாவிலும் கான்பூரிலும் இந்தூரிலும் போட்டித் தேர்வுகளில் வயதைத் தொலைத்த பட்டதாரிகள் இதை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். வேலை தர வக்கற்ற அரசு அவர்களுக்குத் ‘தொழில்முனைவோர்’ என்று பட்டம் சூட்டிக் கைகழுவுகிறது.

வந்த லீட்களை எண்ணுவது யார் என்பதில்தான் சூது இருக்கிறது. தம் இணைப்பை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை அஃபிலியேட் எண்ணிவிடலாம். அதற்கு மேல் அவருக்குக் கண் தெரியாது. படிவம் நிரம்பியதும் விளம்பரதாரரின் சர்வர்தான் ‘ஒரு லீட் வந்தது’ என்ற செய்தியை இடையிலுள்ள நெட்வொர்க்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த லீட் பிறக்கவே இல்லை. பத்தில் ஒன்றை, இருபதில் மூன்றை விழுங்கும்படி மென்பொருளில் சில வரிகள் எழுதினால் போதும். இதற்குத் தொழில் வட்டாரத்தில் ‘ஷேவிங்’, அதாவது சவரம் என்றே பெயர். மழிக்கப்படுபவருக்கு உறைக்காத அளவில் மழிப்பதே இதன் நுட்பம். முதல் மாதம் கணக்கு சரியாக இருக்கும். நம்பிக்கை பிறந்து, அஃபிலியேட் கடன் வாங்கி விளம்பரம் செய்து ஆட்களை அனுப்பத் தொடங்கிய பிறகே கத்தி எடுக்கப்படும்.

மென்பொருளைத் தொடாமலும் இதைச் செய்ய வழிகள் உண்டு. படிவத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண் வைக்கப்படுகிறது. அதை அழைத்தவர் கால் சென்டர் வழியாகவே பாலிசி எடுத்துவிடுகிறார். அஃபிலியேட்டின் கணக்கில் லீட் ஏறுவதில்லை. ‘செயலியில் தொடர்க’ என்ற பொத்தானை அழுத்தினால், செயலிக்குள் நுழையும்போதே அடையாள எண் உதிர்ந்துபோகும்படி அமைக்கலாம். இவற்றையெல்லாம் தாண்டி வந்தவையும் 30 நாள், 60 நாள் ‘சரிபார்ப்பில்’ ஊறவைக்கப்பட்டு, இறுதியில் கணிசமான பகுதி செல்லாதவை என்று அறிவிக்கப்படும். எந்தெந்தப் பெயர்கள் செல்லாதவை என்று கேட்டால், வாடிக்கையாளரின் தனியுரிமை குறுக்கே வந்து நிற்கும். அந்தச் செல்லாத பெயருக்கு உரியவரைத்தான் மறுநாள் காலை டெலிகாலர் அழைத்துக்கொண்டிருப்பார். ஒதுக்கப்பட்ட பீடி கடைக்குப் போகும் வழி இதுதான்.

‘போலி லீட்கள் குவிகின்றன, கழிக்காமல் என்ன செய்வது?’ என்கின்றன நிறுவனங்கள். போலிகள் இருப்பது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஈபே நிறுவனத்தின் முன்னணி அஃபிலியேட்டுகள் இருவர், மக்களின் கணினிகளில் திருட்டுத்தனமாகக் குக்கிகளைத் திணித்து, தங்களுக்குச் சேராத கமிஷனைச் சுருட்டினார்கள். எஃப்.பி.ஐ. புலனாய்வு செய்தது. 2014-இல் ஒருவருக்கு 5 மாதமும் மற்றவருக்கு 15 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் பணம் திருடு போனால் அரசு எந்திரம் இப்படி அசைகிறது. எதிர்த் திசையில் நடந்தால்? பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ‘ஹனி’ என்ற பிரவுசர் நீட்சி, பொருளை வாங்கும் கடைசி நொடியில் அஃபிலியேட்டின் அடையாளத்தை அகற்றித் தன் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் வெடித்தது. யூடியூப் படைப்பாளிகள் தாங்களே உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனம், கடைசிக் கிளிக்குக்கே கமிஷன் என்ற தொழில் விதிப்படிதான் நடப்பதாக விளக்கம் தந்தது. அந்த விதியை வகுத்தபோது படைப்பாளிகளை யாரும் கேட்கவில்லை.

இரு தரப்பும் விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம் இது என்ற வாதமும் உண்டு. கமிஷன் குறித்த தகராறில் நிறுவனத்தின் பதிவேடே இறுதியானது என்று இந்த ஒப்பந்தங்களில் எழுதப்படுவது வழக்கம். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றில் உலகமே முடங்கிக் கிடந்தபோது, அமேசான் தன் அமெரிக்க அஃபிலியேட்டுகளுக்கு மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு ஒரு வார அவகாசமே தரப்பட்டது. சமமானவர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் இப்படித்தான் இருக்குமா? துண்டுக்கூலியைப் பற்றி ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் ஆராய்ந்தபோது, தரத்தைக் காரணம் காட்டிக் கூலியை வெட்டுவதற்கும் ஏமாற்றுவதற்கும் அந்த முறை எவ்வளவு வசதியானது என்பதையும், இடைத்தரகர்கள் அதில் எப்படி நுழைகிறார்கள் என்பதையும் சுட்டிக்காட்டினார். நெட்வொர்க் என்பது அந்த இடைத்தரகரின் இன்றைய வடிவம்.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டவர்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் சுரங்க வாயிலில் எடை போடுபவர் முதலாளியின் ஆள். கல் கலந்திருக்கிறது, தொட்டி நிறையவில்லை என்று கழித்தார்கள். தங்கள் செலவில், தாங்கள் தேர்ந்தெடுக்கும் எடைச் சரிபார்ப்பாளரைத் தராசின் அருகே நிறுத்தும் உரிமைக்காகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. ஆனால் அவர் அதே சுரங்கத்தின் தொழிலாளியாக இருக்க வேண்டும் என்றது. முதலாளிகள் செய்தது எளிதானது: அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். வெளியாளையும் நியமிக்கலாம் என்ற உரிமை 1887 சட்டத்தில்தான் உறுதியாயிற்று. பின்னாளில் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராக விளங்கிய கம்யூனிஸ்ட் ஆர்தர் ஹார்னர், 1919-இல் மார்டி சுரங்கத்தில் எடைச் சரிபார்ப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதலாளி பயப்படாமல் கூலி கேட்க முடிந்த முதல் மனிதர் தராசின் அருகே நின்றவர்தான்.

இந்தியாவிலும் இதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, ஒதுக்கப்பட்ட பீடி குறித்த தகராறுகளையும் அவற்றுக்கான கூலித் தகராறுகளையும் சுருக்கமான நடைமுறையில் தீர்க்க மாநில அரசு ஓர் அதிகாரியைக் குறிக்கலாம் என்றது. ஏட்டளவில் நின்ற இடங்கள் பல என்றாலும், ஒதுக்குவது முதலாளியின் தனியுரிமை அல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டது. மோடி அரசு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் விழுங்கிய சட்டங்களில் அதுவும் ஒன்று.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ‘கிக்’ தொழிலாளர் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் அஃபிலியேட்டுகளையும் தழுவும் அளவுக்கு அகலமானது. ஆனால் அது பேசுவது நல நிதியைப் பற்றி மட்டுமே. நிறுவனம் தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும். அது தொழிலாளர்களுக்குக் கொடுத்த, கொடுக்க வேண்டிய தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்கிடுவதும் அதே நிறுவனம்தான். ஆகவே லீட்டை மறைப்பவர் கூலியையும் திருடுகிறார், நல நிதியையும் திருடுகிறார். வருமான வரித் துறையோ கமிஷனில் 2 சதவீதத்தை வேரிலேயே பிடித்துக்கொள்கிறது. பிடித்தது சரியான தொகையிலிருந்துதானா என்று கேட்பதில்லை. ராஜஸ்தான் 2023-இல் நிறைவேற்றிய சட்டம், தளங்கள் தொழிலாளருக்குச் செலுத்தும் ஒவ்வொரு தொகையும் அரசின் மையப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது. அந்த ஆண்டின் இறுதியிலேயே பாஜக ஆட்சிக்கு வந்தது. சட்டம் கிடப்பில் விழுந்தது.

இயக்கத்துக்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டு. இவர்கள் தொழிலாளர்களா, தரகர்களா? ஏழைகளின் தலையில் கடன் செயலிகளைக் கட்டுகிறவர்கள் அல்லவா? கேள்வி நியாயமானது. கொள்ளை வட்டிச் செயலிக்கு ஆள் பிடிக்கும் தொழிலை எந்தச் சங்கமும் தற்காக்க முடியாது. ஆனால் விற்கப்படும் பொருளின் நாற்றத்தைக் காட்டி விற்பவரின் கூலித் திருட்டைக் கண்டும் காணாமல் விடுவது வர்க்கப் பார்வை ஆகாது. பீடியும் உடலுக்கு நல்லதல்ல. உணவு விநியோகத் தொழிலாளர்களும் முதலில் ‘பார்ட்னர்’ என்றே அழைக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தங்கள்தான் அந்தப் பெயரைக் கிழித்தன. அஃபிலியேட்டுகள் ஒரு கூரையின் கீழ் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் அறியார் என்பது இடர்ப்பாடுதான். வீட்டுத் திண்ணைகளில் சிதறிக் கிடந்த பீடிப் பெண்களுக்கும் அதே இடர்ப்பாடு இருந்தது.

கேட்க வேண்டியவை தெளிவானவை. லீட்டை எண்ணும் பதிவேடு விளம்பரதாரரிடமும் அவரிடம் பணம் பெறும் நெட்வொர்க்கிடமும் மட்டும் இருக்கக்கூடாது. தொழிலாளர் பிரதிநிதிகள் பார்வையிடக்கூடிய பொதுப் பதிவேட்டில் நிராகரிக்கப்பட்டவையும் ஏற வேண்டும். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். அதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்துடையது. நிராகரித்த லீட்டைப் பின்னர் வாடிக்கையாளராக்கினால் இரட்டிப்புக் கமிஷன் தர வேண்டும். தகராறுகளைத் தீர்க்க மாவட்ட அளவில் அதிகாரி வேண்டும். 39-ஆவது பிரிவின் கீழ் வழக்காடிய அனுபவம் கொண்ட பீடிச் சங்க நிர்வாகிகள் இன்னும் இருக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியலை எழுதுவோர் முதலில் அவர்களிடம் போக வேண்டும்.